ஐந்தருவியில் இறங்க மறுத்த கண்ணாடி

அத்தான்,

இன்று காலை நம் மருமகள் சட்னிக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். தேங்காய்ச் சில்லு ஒன்று மிக்ஸியின் கத்தியில் சிக்கிக்கொண்டது போலிருக்கிறது. மோட்டார் சுற்றாமல் உறுமியது. அவளும் திருகைப் பிடித்தபடியே நின்றாள். கொஞ்ச நேரத்தில் அந்த வாடை வந்துவிட்டது. கம்பிச் சுருள் சூடேறி, மேலே பூசிய வார்னிஷ் கருகும் வாடை. முன்னறையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த நான், "ஏளா, கையை எடு! கையை எடுங்கேன்லா!" என்று கத்திக்கொண்டு அடுக்களைக்கு ஓடினேன். மிக்ஸியைவிட என்னைப் பார்த்துத்தான் அவள் பயந்துபோனாள்.

"கருகினா கருகுது அத்தை. இதுக்குப் போய் இப்படி ஓடி வாரீங்களே, விழுந்து வச்சா என்ன செய்ய?" என்றாள்.

திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் வருஷம் ஆகப்போகிறது. ஐந்தருவியில் நடந்ததை நாம் இரண்டு பேரும் ஒருநாளாவது உட்கார்ந்து முழுதாகப் பேசியிருக்கிறோமா? இல்லை. பேச்சு அந்தப் பக்கம் திரும்பினாலே நீங்கள் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவீர்கள். இன்று எழுந்து போக முடியாதல்லவா, கேளுங்கள்.

மூத்தவன் பிறப்பதற்கு முந்தின காலம். பஸ் ஓட்டிக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு நீங்கள் அந்த வண்டியைக் கொண்டு வந்தீர்கள். ஆரியங்காவுக்கு மேலே ஏதோ ஒரு எஸ்டேட்டில் மேனேஜராக இருந்த வெள்ளைக்காரர், சீமைக்குக் கப்பலேறும்போது விட்டுப்போன அமெரிக்க ஸ்டேஷன் வேகன். புளியறை வழியாக மலையிறங்கி அது நம் தெருவுக்குள் நுழைந்தபோது, எதிரே வந்த மாட்டுவண்டி பின்னோக்கிப் போகவேண்டியதாயிற்று. அவ்வளவு அகலம். ஸ்டீரிங் இடது பக்கம். பின்சீட்டுக்குப் பின்னால் ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். குற்றால சீசனுக்கு ரயிலில் வந்து இறங்குகிற குடும்பங்களைத் தென்காசி ஸ்டேஷனிலிருந்து ஏற்றிக்கொண்டு போக இதைவிடத் தோதான வண்டி கிடையாது என்று நீங்கள் சொன்னீர்கள். அது உண்மையாகவும் இருந்தது.

ஆனால் ஸ்டேஷன் வாசலில் பிள்ளைகள் நம் வண்டியைக் கைகாட்டியதற்குக் காரணம் அதன் நீளமோ அகலமோ அல்ல. கண்ணாடிகள். கதவில் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றுகிற வேலை இல்லை. ஒவ்வொரு கதவிலும் ஒரு சின்னச் சுவிட்சு. கீழே அமுக்கினால் கண்ணாடி இறங்கும், மேலே தூக்கினால் ஏறும். டிரைவர் கதவில் மட்டும் நாலு கண்ணாடிக்கும் சேர்த்து நாலு சுவிட்சு. வண்டியில் சாவி இல்லாவிட்டாலும் அவை வேலை செய்யும். பிள்ளைகள் ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி விளையாடிக்கொண்டே வருவார்கள். நீங்களும் முன்னால் தொங்கும் பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஓட்டுவீர்கள்.

அந்த வருஷம் சாரல் முன்கூட்டியே ஆரம்பித்துவிட்டது. கூடவே வலது பக்கப் பின்கதவின் கண்ணாடியும் மக்கர் செய்ய ஆரம்பித்தது. ஏறுவதில் ஒரு குறையும் இல்லை. எப்போது தூக்கினாலும் விறுவிறுவென்று ஏறும். இறங்குவதுதான் அதன் இஷ்டம். சில சமயம் இறங்கும், சில சமயம் செத்த பிணம்போல் கிடக்கும்.

நீங்கள் முதலில் சுவிட்சைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்தீர்கள். ஒருநாள் சரியாயிருந்தது, மறுநாள் பழையபடிதான். பிறகு கதவின் உள்பலகையைக் கழற்றி மோட்டாரையே வெளியே எடுத்தீர்கள். பஜாரில் வைண்டிங் கடைக்காரர் மேசையில் வைத்து பேட்டரி கொடுத்துப் பார்த்தபோது அது இரண்டு பக்கமும் அழகாகச் சுற்றியது. கதவுக்குள் வைத்து மூடினால் ஒரு பக்கம்தான். எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, சாப்பாட்டின் நடுவே ரசம் ஊற்றிய சோற்றில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தீர்கள். "ஏத்துததுக்கு ஒரு வயர், இறக்குததுக்கு ஒரு வயர். ஏத்துத வயர் நல்லாருக்கு. மோட்டார் நல்லாருக்கு. சுவிட்சு நல்லாருக்கு. பெறவு எங்கன போகுது கரண்டு?" சோறு ஆறிப்போயிற்று.

இன்னொரு நாள், கண்ணாடி மேலே போய் முட்டிய பிறகும் சுவிட்சை விடாமல் தூக்கிப் பிடித்துப் பார்த்தீர்கள். மோட்டார் உறுமியது. இன்று காலை வந்ததே, அதே வாடை. உடனே டேஷ்போர்டுக்கு அடியில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அதோடு நாலு கண்ணாடியும் செத்துவிட்டன. நான் பதறிப்போனேன். கொஞ்சம் பொறுத்து, தானாகவே இன்னொரு 'டிக்'. மறுபடி எல்லாம் உயிர் பெற்றன. "பாத்தியா, சூடானா தானே அறுத்துக்கிடுது, ஆறினா தானே சேந்துக்கிடுது" என்று வியந்துபோய்ச் சொன்னீர்கள். அந்த இரண்டாவது சத்தத்துக்காக ஒருநாள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருப்போம் என்று நம் இரண்டு பேருக்கும் தெரியாது.

கீழப்பாவூரில் என் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்த அன்று நான் அந்தக் கதவுப் பக்கம் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். வழி நெடுக அமுக்கிப் பார்த்தேன், இறங்கவில்லை. வீட்டு வாசலில், சுவிட்சில் ஒரு விரல் இருக்க, மறு கையால் கதவைத் திறந்தேன். கதவு ஒரு சாண் திறந்ததும் கண்ணாடி சர்ரென்று இறங்கியது. மூடிவிட்டு மறுபடி பார்த்தேன். மறுபடியும் அப்படியே.

உங்களிடம் வந்து சொன்னேன். வண்டி விஷயத்தில் நீங்கள் எப்போதும் ஒன்று சொல்வீர்கள்: "பாத்ததைப் பாத்தபடி சொல்லு, ஒன் யூகத்தைச் சேக்காத." நான் அப்படியே சொன்னேன்.

"அப்போ நீ இறங்கினாத்தான் அதும் இறங்குமோ? மரியாதை தெரிஞ்ச கண்ணாடிதான்!" என்று சிரித்தீர்கள். பிறகு சிரிப்பை நிறுத்தி யோசித்தீர்கள். "கதவு திறக்கும்போதுன்னா... சரி. நாளைக்குச் சவாரி இருக்கு. முடிச்சிட்டு வந்து அந்தக் கதவைப் பிரிச்சிருவோம்" என்றீர்கள்.

மறுநாள் சவாரி அம்பாசமுத்திரத்துக் குடும்பம். அரிசி மண்டி வைத்திருந்த அண்ணாச்சி, அவர் மனைவி, கோமதி என்ற மகள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் காத்திருக்கிற வயது அவளுக்கு. அந்தம்மா நிறைமாசத்தை நெருங்கிக்கொண்டிருந்தார். அருவியில் கால் வழுக்கினால் பிடித்துக்கொள்ள ஒரு பெண்துணை இருந்தால் நல்லது என்று அவர்கள் கேட்டதால் என்னையும் கூட்டிக்கொண்டு போனீர்கள். ஏறும்போதே அண்ணாச்சியிடம், "அந்த வலது கண்ணாடியை மட்டும் யாரும் தொடவேண்டாம். ஏறினா இறங்காது" என்று சொன்னீர்கள். அன்று காலை அது இறங்கியே இருந்தது. காற்று வரட்டுமென்று அப்படியே விட்டிருந்தீர்கள்.

ஐந்தருவியில் குளித்துவிட்டு மேலே வரும்போது வெயிலும் சாரலும் சேர்ந்து அடித்துக்கொண்டிருந்தன. வண்டி மரத்தடியில் நின்றது. அருவி இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே பாதிதான் காதில் விழும். நீங்கள் வண்டியின் பின்பக்கத்தைத் திறந்து ஈரத்துணி மூட்டைகளை அடுக்கினீர்கள். நான் கொஞ்சம் தள்ளி, அந்தம்மா உடைமாற்றச் சேலையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணாச்சி எதிர்க்கடையில் மங்குஸ்தான் பொறுக்கிக்கொண்டிருந்தார். கோமதி முதலிலேயே தலை துவட்டி, கவுன் மாற்றி, நேந்திரங்காய் வற்றல் பொட்டலத்தோடு பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். சீட்டில் முட்டிபோட்டு, வலது ஜன்னல் வழியே தலையை வெளியே நீட்டி மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மரத்திலிருந்து தாட்டான் குரங்கு ஒன்று வண்டியின் கூரைமேல் தொப்பென்று குதித்தது. அண்ணாச்சி கடையிலிருந்து பார்த்துவிட்டார்.

"கோமதி! ஏட்டி, குரங்குட்டி! கண்ணாடியை ஏத்து! ஏத்துட்டி!"

அப்பா சொன்னதை அந்தப் பிள்ளை செய்தாள். குரங்கைப் பார்த்த முகம் பார்த்தபடியே வெளியே இருக்க, கை மட்டும் உள்ளே சுவிட்சைத் தூக்கிப் பிடித்தது. பயத்தில் பிடித்த பிடியை அவள் விடவில்லை.

எனக்குப் பிள்ளையின் கத்தல் எதுவும் கேட்கவில்லை. கத்த அவளால் முடியாது. அருவி இரைச்சலையும் மீறி மோட்டார் உறுமியதுதான் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். கண்ணாடியின் விளிம்பு அவள் தாடைக்கு அடியில் ஏறி, பிடரியை மேல்சட்டத்தோடு அழுத்திப் பிடித்திருந்தது. முகம் வானத்தைப் பார்த்து நிமிர்ந்திருந்தது. வற்றல் பொட்டலம் கீழே விழுந்து, குரங்கு அதைப் பொறுக்கிக்கொண்டிருந்தது. பிறகு அந்த வாடை. பிறகு உறுமல் நின்றுபோயிற்று; உள்ளே அந்த 'டிக்' அடித்திருக்கும்.

நான் கையிலிருந்த சேலையைப் போட்டுவிட்டு ஓடினேன். எனக்கு முன்னால் நீங்கள் அங்கே இருந்தீர்கள். வலது கையின் இரண்டு விரல்களைக் கண்ணாடிக்கும் அவள் தொண்டைக்கும் நடுவே திணித்தீர்கள். தோல் உரிந்து இரத்தம் கண்ணாடியில் வழிந்தது. நீங்கள் அதைக் கவனிக்கவேயில்லை. அந்த இரண்டு விரல் கனத்துக்கு இடம் கிடைத்ததும் அவள் தொண்டையிலிருந்து விசில்போல ஒரு சின்ன மூச்சு வந்தது. உடனே நின்றது. மறுபடி வந்தது.

"சுவிட்சை அமுக்குளா!" என்றீர்கள். நான் மறுபக்கக் கதவு வழியாக உள்ளே பாய்ந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு சுவிட்சைக் கீழே அமுக்கினேன். ஒன்றும் இல்லை. மறுபடி அமுக்கினேன். ஒன்றும் இல்லை. அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. இரண்டு பேர் கண்ணாடியின் விளிம்பைப் பிடித்துத் தொங்கினார்கள். அது கல்தூண்போல் நின்றது. பல்சக்கரம் பிடித்துக்கொண்டால் கையால் இறக்க முடியாது என்று எனக்கே தெரியும், நீங்கள் மேசையில் வைத்துக் காட்டியிருக்கிறீர்கள். கதவுப் பலகையைக் கழற்றலாம். ஆனால் மோட்டாரை வெளியே எடுத்த அன்று நீங்கள் ஒவ்வொரு திருகாணியாகக் கழற்ற எவ்வளவு நேரமானது என்பதையும் பார்த்திருக்கிறேன். அவள் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

அண்ணாச்சி ஓடி வந்தார். பின்பக்கம் திறந்து கிடந்த சாமான்களிலிருந்து ஜாக்கி கம்பியை உருவி எடுத்துக்கொண்டார்.

"தள்ளுய்யா! ஒடைக்கேன்!"

"வேண்டாம் அண்ணாச்சி! கழுத்துல இருக்கு கண்ணாடி. ஒடைஞ்சா எங்கன பாயும்னு சொல்ல முடியாது!"

"எம்பிள்ளை சாகுதுய்யா! தள்ளுதியா இல்லியா?"

"ஒடைச்சிருங்க, ஒடைச்சிருங்க!" என்று கூட்டத்தில் யாரோ. "வேண்டாம், அறுத்துரும்!" என்று வேறு யாரோ. அண்ணாச்சி கம்பியை ஓங்கினார். உங்களால் நகர முடியாது, விரல் உள்ளே இருக்கிறது. நீங்கள் உங்கள் தலையைக் கொண்டுபோய்க் கண்ணாடிக்கு முன்னால் வைத்தீர்கள். அத்தான், அந்தக் கம்பி ஓங்கிய கையை நான் வண்டிக்குள்ளிருந்து பார்த்தேன். அது இறங்கினால் பிள்ளையும் நீங்களும் சேர்ந்து போய்விடுவீர்கள் என்று தோன்றியது. என் வாயில் அப்போது ஒரே ஒரு வாக்கியம்தான் வந்தது.

"அத்தான், கதவு! கதவைத் திறந்தா இறங்கும்!"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். எத்தனையோ வருஷம் சேர்ந்து வாழ்ந்தோம், நீங்கள் என்னை அப்படிப் பார்த்தது அந்த ஒருமுறைதான். சந்தேகமே இல்லாமல்.

"அண்ணாச்சி, கம்பியைக் கீழ போடுங்க. டிரைவர் சீட்டுக்குப் போங்க. ஒங்களாலதான் முடியும்."

அவர் போகவில்லை. கேட்டதாகவே தெரியவில்லை. அப்போது அந்தம்மா ஈரத்தலையோடு, வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு வந்தார். கணவர் கையிலிருந்த கம்பியைப் பிடுங்கித் தூர எறிந்தார். "அவர் சொல்லுததைச் செய்யுங்க" என்று அவரை முன்கதவுப் பக்கமாகத் தள்ளினார். அண்ணாச்சி தடுமாறிக்கொண்டு ஓடி இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார்.

"நாலு சுவிட்சு இருக்கு பாருங்க. வலதுபக்கம் ரெண்டு, அதுல பின்னால உள்ளது. கீழ அமுக்கணும். கீழ! மேல தூக்கிட்டா பிள்ளை போயிரும்."

"இதா? இதுவா?"

"என்னைப் பாக்காதீங்க, சுவிட்சைப் பாருங்க. பின்னால உள்ளது. கீழ."

"கீழ... கீழ..." அவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது எனக்குக் கேட்டது.

கதவைத் திறப்பது சொல்ல எளிது. அந்தக் கதவில் ஒரு பிள்ளையின் கழுத்து மாட்டியிருக்கிறது. கதவு வெளியே நகர்ந்தால் அவளும் கூடவே நகரவேண்டும். உடம்பு ஒரு விரல்கடை பின்தங்கினால் முழுப் பாரமும் கழுத்தில் விழும். நீங்கள் ஒரு கை விரலைத் தொண்டையில் வைத்தபடி, மறு கையால் கதவின் கொண்டியை விடுவித்தீர்கள்.

"ஏளா, அவளைத் தூக்கிக்கோ. கதவு எங்கூட வாரமாதிரி அவ ஒங்கூட வரணும். பைய."

"பைய" என்றேன் நானும்.

கதவு அசைந்தது. நான் அவள் இடுப்பையும் தொடையையும் சேர்த்து அணைத்துக்கொண்டு சீட்டின் மேல் முட்டியால் நகர்ந்தேன். அவள் முட்டி சீட்டின் விளிம்பைத் தாண்டியது. இப்போது அவள் பாரம் முழுக்க என் கையில். எவ்வளவு சின்னப் பிள்ளை, எவ்வளவு பாரம்! அவள் இதயம் என் மணிக்கட்டில் அடித்துக்கொள்வது தெரிந்தது.

"அமுக்குங்க!"

"அமுக்குதேன்! இறங்கலியே! இறங்கலியேய்யா!"

கதவு ஒரு சாணுக்கு மேலேயே திறந்துவிட்டது. கண்ணாடி அசையவில்லை. என் மேல் இடி விழுந்ததுபோலிருந்தது. நான் பார்த்ததைத்தான் சொன்னேனா, யூகத்தைச் சொல்லிவிட்டேனா என்று ஒரு கணம் எனக்கே தெரியவில்லை. வெளியே அந்தம்மா அழவில்லை. மகளின் தலையை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு, "அம்மா இங்கனதான் இருக்கேன், அம்மா இங்கனதான் இருக்கேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கையை எடுக்காதீங்க அண்ணாச்சி" என்றீர்கள் நீங்கள். உங்கள் குரல் ஒரு துளியும் உயரவில்லை. "சூட்டுல அறுத்துக்கிட்டிருக்கு. ஆறினதும் சேரும். சத்தம் வரும். அதுவரைக்கும் அப்படியே பிடிங்க. மேல மட்டும் தூக்கிராதீங்க."

அருவி இரைந்துகொண்டேயிருந்தது. அவள் தொண்டையில் அந்த விசில் வந்தது, நின்றது. வரக் காணோம். நான் அவள் முதுகில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். கை மரத்துப்போய், பிடி நழுவிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் நானே அவளைக் கொன்றுவிடுவேன் என்று தெரிந்தது.

'டிக்.'

கண்ணாடி இறங்கவில்லை.

நீங்கள் கதவைக் கொஞ்சூண்டு மூடினீர்கள். பிறகு கொஞ்சூண்டு திறந்தீர்கள். பூட்டில் சாவியை அசைத்துப் பார்க்கிறவரைப் போல, முகத்தைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே. நான் கூடவே முன்னும் பின்னும் போனேன். மோட்டார் ஒருதரம் முனகியது. நின்றது. அந்த இடத்துக்கே கதவை மறுபடி கொண்டுவந்தீர்கள். அங்கேயே நிறுத்திப் பிடித்தீர்கள்.

கண்ணாடி இறங்கியது.

பிள்ளை என் மடியில் சரிந்தாள். அழவில்லை. கண் பாதி திறந்திருந்தது. அந்தம்மா நிறைவயிற்றோடு வண்டிக்குள் ஏறி, மகளை வாங்கி, முகத்தில் ஊதினார். முதுகைத் தேய்த்தார். மறுபடி ஊதினார். எங்கிருந்தோ ஒரு இருமல் வந்தது. அதன் பின்னால் நாய்க்குட்டி முனகுவதுபோல ஒரு அழுகை. கூட்டத்தில் ஒரு கிழவர் தலைத்துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

அண்ணாச்சி மட்டும் முன்சீட்டில் அப்படியே இருந்தார். கண்ணாடி முழுக்க இறங்கிய பிறகும் விரலை எடுக்கவில்லை. நீங்கள் போய் அந்த விரலைப் பிடித்து எடுத்துவிட்டீர்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அண்ணாச்சி கீழே இறங்கி, "இந்த வண்டியில எம்பிள்ளையை ஏத்த மாட்டேன்" என்றார். வேறு வண்டி அங்கே ஏது? மழை பிடித்துக்கொண்டது. அந்தம்மா சீட்டில் சாய்ந்து மகளை மடியில் கிடத்திக்கொண்டு சொன்னார்: "இதே வண்டிதான் எம்பிள்ளையை விட்டுச்சு. ஏறுங்க." அவர் ஏறினார். நீங்கள் ஓட்டினீர்கள். இரத்தம் ஒழுகிய விரல்களை ஸ்டீரிங்கில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குற்றாலத்திலிருந்து தென்காசி வரை ஓட்டினீர்கள்.

மூச்சுக்குழல் தப்பித்துவிட்டது, வீக்கம் வடிகிறவரை பிள்ளை இங்கேயே இருக்கட்டும் என்றார் டாக்டர். அவளுக்குக் குரல் வரவில்லை. வருமா என்றும் அவர் உறுதியாகச் சொல்லவில்லை. வராந்தாவில் நீங்களும் அண்ணாச்சியும் ஒரே பெஞ்சில், ஆளுக்கு ஒரு ஓரமாய் உட்கார்ந்திருந்தீர்கள். கூட்டத்தில் சிலர் போலீசுக்குச் சொல்லச் சொல்லியிருந்தார்கள். அதைத்தான் பேசப்போகிறார் என்று நினைத்து நான் பக்கத்தில் போனேன்.

"தொடாதீங்கன்னு நீங்க சொன்னீங்க" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. "நான்தான ஏத்தச் சொன்னேன்."

"குரங்கைப் பாத்தா யாருன்னாலும் அதைத்தான் சொல்லுவாங்க அண்ணாச்சி. வண்டி என்னோடது."

மறுநாள் காலை கோமதி கஞ்சி குடித்தாள். குடித்துவிட்டு, கரகரத்த குரலில், "என் வத்தல் எங்க?" என்று கேட்டாள். அண்ணாச்சி வராந்தாவுக்கு ஓடிவந்து, உங்கள் கட்டுப்போட்ட கையைப் பிடித்துக்கொண்டார். வலித்திருக்கும். நீங்கள் இழுத்துக்கொள்ளவில்லை.

அவர்கள் பஸ்ஸில் ஊருக்குப் போன அன்றே நீங்கள் கதவைப் பிரித்தீர்கள். கதவுக்கும் தூணுக்கும் நடுவே, கீல் பக்கம், வயர்கள் போகிற ஒரு ரப்பர் குழாய். அதைப் பிளேடால் கீறினீர்கள். வெளித்தோல் நன்றாகத்தான் இருந்தது. உள்ளே செம்புக்கம்பி அற்று, பச்சை பூத்துக் கிடந்தது. கதவை மூடினால் இரண்டு முனையும் விலகும். ஒரு அளவுக்குத் திறந்தால் தொட்டுக்கொள்ளும். நீங்கள் அதை மடக்கி மடக்கிப் பார்த்தீர்கள். "இம்புட்டுதானா" என்றீர்கள். அந்த வயரைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்து அழுதீர்கள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உங்களைத் தொட்டால் நிறுத்திவிடுவீர்கள் என்று தொடவில்லை.

வண்டியை விற்றுவிடுவதாகச் சொன்னீர்கள். வேண்டாமென்று நான் சண்டை போட்டேன். அந்தச் சீசன் முழுக்க நம் வீட்டில் அடுப்புச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. கடைசியில் வயரை மாற்றினீர்கள். பின்கதவுச் சுவிட்சுகள் இரண்டையும் கழற்றிவிட்டு, அந்த ஓட்டையைத் தகட்டால் மூடினீர்கள். பிள்ளைகள் கேட்டால், "அது ரிப்பேர்" என்பீர்கள்.

மறு வருஷம் சாரல் பிடித்ததும் அம்பாசமுத்திரத்துக் குடும்பம் ரயிலில் வந்து இறங்கியது. அந்தம்மாவின் இடுப்பில் புதுசாக ஒரு ஆண்பிள்ளை. அன்று நானும் உங்களோடு வந்திருந்தேன்; ஸ்டேஷன் வாசலில் எத்தனையோ வண்டிகள் நின்றும் அவர்கள் நேரே நம் வண்டிக்கே வந்தார்கள். கோமதி கார் கண்ணாடியைக் கண்டாலே அழுகிறாள், அதனால்தான் இங்கேயே கூட்டிவந்தோம் என்றார் அந்தம்மா. நீங்கள் கோமதியை முன்சீட்டில், உங்களுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தீர்கள். சொன்னீர்கள்: "நான் ஏத்தப்போறேன். அதுக்கு முன்ன நீ பின்னால திரும்பிப் பாத்து, எல்லாரு கையும் தலையும் உள்ள இருக்கான்னு சொல்லணும். நீ சொன்னாத்தான் ஏத்துவேன்."

அவள் திரும்பினாள். தம்பியை, அம்மாவை, அப்பாவை, என்னை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அப்பா அவசரமாக முழங்கையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"கை, தலை, எல்லாம் உள்ள!" என்று கத்தினாள். குரலில் கரகரப்பு கொஞ்சம் மிச்சமிருந்தது.

நீங்கள் சுவிட்சைத் தூக்கினீர்கள். அவள் அழவில்லை.

அதற்குப் பிறகு அந்த வண்டியில் ஏறியவர்கள் எல்லோருக்கும் அந்தக் குரல் பழகிப்போயிற்று. ஒவ்வொரு தடவையும் நீங்கள் சொல்வீர்கள், "கை, தலை, எல்லாம் உள்ள?" வண்டி போய், வேறு வண்டி வந்து, அதுவும் போன பிறகும் சொன்னீர்கள். பீரோக் கதவுக்குச் சொன்னீர்கள். பேரப்பிள்ளைகள் கேலி செய்தார்கள். எனக்கும் ஒட்டிக்கொண்டது.

போன வருஷம் உங்களைக் கண்ணாடிப் பெட்டியில் கிடத்தினார்கள். ஐஸ் பெட்டிக்காரர்கள் நாலு பேர் அந்த நீளமான மூடியைத் தூக்கி உங்கள் மேல் இறக்கப் போனார்கள். மூடி இறங்க ஆரம்பித்ததும் என்னையறியாமல் எழுந்துவிட்டேன்.

"பைய," என்றேன். "கை, தலை எல்லாம் உள்ள இருக்கான்னு பாத்துக்கிடுங்க."

துக்கத்தில் பிதற்றுகிறேன் என்று பிள்ளைகள் என்னைப் பிடித்து உட்காரவைக்க வந்தார்கள். ஆனால் அந்த நாலு பேரில் ஒரு பையன் நின்றான். மூடியைத் தூக்கிப் பிடித்தபடியே குனிந்து, ஓரத்தில் கிடந்த உங்கள் கையை எடுத்து நெஞ்சின் மேல் வைத்தான். என்னைத் திரும்பிப் பார்த்து, "எல்லாம் உள்ள இருக்கு ஆச்சி" என்றான். நான் தலையசைத்தேன். அதற்குப் பிறகுதான் அவர்கள் கண்ணாடியை இறக்கினார்கள்.